லாரி என்ஜினில் ஆயில் ஒழுகுகிறதா? சம்ப் பேக்கிங் மாற்றும் முறை

கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கங்களில் சவுக்குக் கட்டை, நெல் மூட்டை, தர்பூசணி ஏற்றப் பழைய லாரி வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. என்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டினால், 'பழைய வண்டிதானே' என்று விட்டுவிடுகிறார்கள். இது தவறு. ஆயில் மட்டம் இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கும்; பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. பாரத்தோடு ஓடும்போது பேரிங் பிடித்துக் கிராங்க்கும் கெட்டால், ஒரு போகத்து வருமானம் பட்டறைக்கே போய்விடும். பேக்கிங்கின் விலையோ சொற்பம்.

கழற்றும் முன் ஒழுக்கு எங்கே என்று பார்க்க வேண்டும். டேப்பட் கவரில் கசியும் ஆயில் வழிந்து வந்து சம்ப் விளிம்பில்தான் சொட்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் பெரும்பாலும் பின்புற ஆயில் சீல் போயிருக்கும். பிரீதர் அடைத்துக்கொண்டாலும் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங் வழியாகக்கூட ஆயில் பிதுங்கும். ஆகவே அடிப்பாகத்தை டீசல் விட்டுத் துடைத்து, அரை மணி நேரம் ஓட்டி, டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

நமது கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்பங்காற்று படும் தகட்டுச் சம்பில், ஒட்டிய சேற்றுக்கு அடியில் துரு ஏறி ஊசித் துளை விழும். உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றும் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். சேற்றைச் சுரண்டித் தகட்டை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் சம்பையே மாற்ற வேண்டும்; பேக்கிங் மட்டும் போட்டுப் பயனில்லை.

வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மணலில் ஜாக்கி புதையும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்க வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உலோகத் தூள் மினுங்கினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மூலை போல்ட்டுகள் நான்கை மட்டும் சில மரை விட்டுவைத்து மற்றவற்றைக் கழற்றி, மரச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் சம்ப் விடும். ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. சில வண்டிகளில் முன் அச்சு குறுக்கே நிற்கும். அப்போது என்ஜினைச் சற்றுத் தூக்கியாக வேண்டும். அது பட்டறை வேலை.

புதுப் பேக்கிங் போட்ட மாதமே மறுபடி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம், முன்பு இறுக்கியவரின் கைப்பலம்தான். போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்து, இடைப்பட்ட இடம் மேடாகிவிடும். விளிம்பைச் சமமான இரும்புக் கட்டைமேல் வைத்து மெல்லத் தட்டி, நேர்கோல் வைத்துப் பாருங்கள். பழைய பேக்கிங்கைத் துணுக்கு மிச்சமில்லாமல் சுரண்ட வேண்டும். மணல் காகிதம் வேண்டாம். அதன் தூள் பேரிங்கைத் தின்னும். ஆயில் வடிகட்டியையும் கழுவுங்கள். பசையை முன், பின் வளைவுகளின் மூலைகளில் மட்டும் மெல்லத் தடவினால் போதும். அதிகம் தடவினால் பிய்ந்து வடிகட்டியை அடைக்கும்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் முடுக்கி, பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, சிறிய ஸ்பானரால் இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கார்க் பேக்கிங் பிதுங்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். பசை காய்ந்தபின் புது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் கேஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின், என்ஜின் ஆறியிருக்கும்போது போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்கவும்.

இறக்கிய ஆயிலை மண்ணில் கொட்டாதீர்கள். நமது மணற்பாங்கான நிலத்தில் அது இறங்கிக் குடிநீர்க் கிணற்றைக் கெடுக்கும். டின்னில் மூடி வைத்து, உரிமம் பெற்றுக் கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுக்கலாம்.