த்ரீ நாட் த்ரீயும் மாட்ட மறுத்த மேகஸினும்

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. தீசிஸ், பார்ட் டைம் வேலை, விசா நீட்டிப்பு, வழக்கமான புலம்பல்தான், அதை விடுங்க. இன்னைக்கு மேகஸின் பத்தி எழுதப்போறேன். உடனே விகடன், குமுதம்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது துப்பாக்கிக்கு அடியில மாட்டுற தோட்டாப் பெட்டி. ஹிஹி.

ஹம்னு சொன்னா நம்ம ஆளுங்க எல்லாருக்கும் உடனே ஞாபகம் வர்றது காமாட்சி அம்பாள் கோயில்தான். 2002-ல குடமுழுக்கு ஆன கோயில். தேர்த் திருவிழா அன்னைக்கு ஊரே யாழ்ப்பாணம் ஆயிடும். ஆனா ஜெர்மன்காரங்களுக்குன்னு இந்தப் பக்கம் இன்னொரு திருவிழா இருக்கு, தெரியுமோ? ஷூட்ஸன்ஃபெஸ்ட். உயரமான கம்பத்து உச்சியில மரத்தால செஞ்ச ஒரு பறவையை வச்சு, வரிசையா நின்னு சுடுவாங்க. கடைசித் துண்டை விழ வைக்கிறவர்தான் அந்த வருஷத்து ராஜா. வெஸ்ட்ஃபாலியா கிராமங்கள்ல இதுக்குன்னே சங்கம், சீருடை, பேண்ட் வாத்தியம் எல்லாம் உண்டு. 2015-ல ஜெர்மனியோட மரபுப் பட்டியல்லயே இந்த வழக்கத்தைச் சேர்த்துட்டாங்க.

என்னோட வேலை பார்க்கிற ஒரு பையன் அந்த மாதிரி ஒரு சங்கத்துல உறுப்பினர். "ஒரு சனிக்கிழமை வாயேன், கேக்கும் காபியும் உண்டு"ன்னு கூப்பிட்டான். கேக்குக்காகத்தான் போனேன், சத்தியமா. காலேஜ்ல என்.சி.சி.யில .22 சுட்டதோட சரி, எனக்கும் துப்பாக்கிக்கும் வேற சம்பந்தம் கிடையாது.

அங்க எழுபது வயசு தாண்டின ஒரு பெரியவர் மேஜை மேல ஒரு பழைய ரைஃபிளைப் போட்டுக்கிட்டு முனகிட்டு இருந்தார். எட்டிப் பார்த்தேன். மூக்கு மொட்டையா வெட்டின மாதிரி முன்பக்கம், கறுத்துப்போன மரம். போல்ட் கைப்பிடிக்குக் கீழே ஒரு கிரீடம், ஜி.ஆர்.ஐ.ங்கிற எழுத்து, அதுக்குக் கீழ 'இஷாபூர்', 1943.

தூக்கிவாரிப் போட்டுச்சு. கல்கத்தா பக்கத்துல இருக்கிற இஷாபூர்! நம்ம ஊர் போலீஸ் தோள்ல தொங்கின அதே த்ரீ நாட் த்ரீ. என் தாத்தா ஆயுதப்படை கான்ஸ்டபிளா முப்பது வருஷம் சுமந்த அதே சாமான். எங்கெங்கயோ சுத்தி, மிலிட்டரி சர்ப்ளஸா கைமாறி, ஹம் பக்கத்துல ஒரு மேஜை மேல கிடக்கு.

பெரியவரோட பிரச்சினை இதுதான். துப்பாக்கி நல்ல விலைக்குக் கிடைச்சிருக்கு, ஆனா மேகஸின் இல்லாம. சர்ப்ளஸ்ல இது ரொம்ப சகஜம். சரி, புதுசா இப்ப செய்யற மேகஸினை வாங்கி மாட்டிக்கலாம்னு நினைச்சிருக்கார். மாட்டவே இல்லை.

இங்க கொஞ்சம் வரலாறு, பொறுத்துக்குங்க. கழட்டி மாட்டுற பெட்டி மேகஸினுக்கு 1879-ல காப்புரிமை வாங்கினவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்துல பிறந்து, கனடாவுல வளர்ந்து, அமெரிக்காவுல குடியேறினவர். லீ-என்ஃபீல்டுங்கிற பேர்ல வர்ற லீ இவர்தான். 1888-ல பிரிட்டிஷ் ராணுவம் இவரோட முறையை எடுத்துக்கிச்சு. ஆனா எடுத்துக்கிட்டு என்ன பண்ணாங்க தெரியுமா? சிப்பாய் தொலைச்சுடுவான்னு ஆரம்பத்துல மேகஸினைச் சின்னச் சங்கிலி வளையத்தால துப்பாக்கியோட கட்டிப் போட்டாங்க! பத்தாததுக்கு மேகஸினையே மறைக்கிற ஒரு தகடு வேற. ஒவ்வொரு தோட்டாவா கையால போட்டுச் சுடு, மேகஸின்ல இருக்கிறது அவசரத்துக்குன்னு.

அப்புறம் வந்த மாடல்கள்ல அஞ்சு தோட்டா பிடிக்கிற க்ளிப்பை மேலேருந்து அமுக்கி நிரப்புற முறை. ரெண்டு க்ளிப், பத்து தோட்டா. முதல் உலகப்போருக்கு முன்னாடியே பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிஷத்துக்கு 15 குண்டு குறிபார்த்துச் சுடுற பயிற்சி இருந்துச்சு. அந்த வேகம் முழுக்க க்ளிப்பாலதான். மேகஸினை மாத்தி மாத்தி இல்லை.

ஆக, பார்க்கக் கழட்டி மாட்டுற பொருளா இருந்தாலும், நடைமுறையில அது அந்தந்தத் துப்பாக்கிக்குப் பொருத்திக் கொடுத்த பாகம். செருப்பு மாதிரி இல்லை, பல்செட் மாதிரி. பக்கத்து வீட்டுத் தாத்தாவோடத வாங்கிப் போட்டா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். இது தெரியாம 'எல்லா லீ-என்ஃபீல்டுக்கும் பொருந்தும்'னு எழுதியிருக்கிறதை நம்பி வாங்கினா, அரம் எடுக்க வேண்டியதுதான்.

பெரியவர் முதல்ல வாங்கினது நம்பர் 4 மாடலுக்கான மேகஸின். இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டன் கொண்டுவந்த மாடல் அது. இஷாபூர்காரி நம்பர் 1 மார்க் 3. ரெண்டுக்கும் பத்து தோட்டாதான், ரெண்டும் அண்ணன் தம்பிதான், ஆனா ஒருத்தர் சட்டை இன்னொருத்தருக்குச் சேராது. 1962 சீனப் போருக்கு அப்புறம் நம்மாளுங்க அதே இஷாபூர்ல 7.62 தோட்டாவுக்குச் செஞ்ச 2ஏ1-ங்கிற ரகத்துக்கு மேகஸின் இன்னும் வேற, அதுல 12 தோட்டா. அதனால வாங்கறதுக்கு முன்னாடி துப்பாக்கி மேல வெட்டியிருக்கிற எழுத்தைப் படிக்கணும். முதல் பாடம்.

ரெண்டாவதா சரியான மாடலுக்கே ஒண்ணு வரவழைச்சிருக்கார். அன்னைக்கு மேஜை மேல இருந்தது அதுதான். முன்பக்கத்தை உள்ள கொடுத்து, பின்பக்கத்தை மேல தள்ளினா, விசைக்கு முன்னாடி இருக்கிற கொக்கி 'டக்'னு பிடிக்கணும். பிடிக்கல. பெரியவர் கொக்கியைத் தேய்க்கலாமான்னு அரத்தைக் கையில எடுக்கிறார், பக்கத்துல இருந்த இன்னொருத்தர் கத்தினாரு பாருங்க! அதுதான் ரெண்டாம் பாடம். எண்பது வயசுத் துப்பாக்கியைத் தொடாதே, நேத்து வந்த மேகஸினைத் தேய். மேகஸின் போனா இன்னொண்ணு வாங்கலாம். 1943-ல செஞ்ச கொக்கிக்கு எங்க போறது?

மேகஸினோட முதுகுல கொக்கி பிடிக்கிற ஒரு விளிம்பு இருக்கு. அதுல மார்க்கர் மை பூசினாங்க. மாட்டிப் பார்த்துக் கழட்டினா எங்க உரசுதோ அங்க மட்டும் மை போயிருக்கும். அந்த இடத்துல ரெண்டே ரெண்டு இழுப்பு. மறுபடி மை, மறுபடி பார்வை. இப்படி நாலு தடவை. அப்புறம் 'டக்'. எனக்கே கைதட்டணும் போல இருந்துச்சு.

சந்தோஷம் ரெண்டு நிமிஷம். வெடிக்காத டம்மி தோட்டாக்களைப் போட்டு போல்ட்டைத் தள்ளினா, தோட்டா மேல போறதுக்குப் பதிலா மூக்கைக் கீழ குத்திக்கிட்டு நிக்குது. (சரிபார்க்கும்போது உயிருள்ள தோட்டா பக்கத்துல கூட இருக்கக்கூடாதுன்னு சங்கத்துல கண்டிப்பு.) கழட்டிப் பார்த்தா, தோட்டாவைத் தாங்குற தட்டோட முன்பக்கம் விரல் வச்சாலே அமுங்குது. அடியில இருக்கிற பட்டை ஸ்பிரிங்கோட மடிப்பு ஒரு பக்கமா சாஞ்சு கிடந்துச்சு. நிமிர்த்தி வச்சதும் மூக்கு தூக்கிருச்சு.

மூணாவது சிக்கல்தான் பெரிசு. முதல் தோட்டா போகுது, ரெண்டாவது போகுது, மூணாவது மாட்டிக்குது. சில சமயம் அஞ்சும் போகுது, சில சமயம் முதல்லயே மாட்டுது. ஒழுங்கில்லாம வர்ற தப்புதான் உலகத்துலயே மோசமான தப்பு, ப்ரோக்ராம் எழுதறவங்களைக் கேளுங்க. பெரியவர் முடிவே பண்ணிட்டார். மேகஸின் உதடு சரியில்லை, இடுக்கி கொண்டா, வளைக்கலாம்னு. இன்னொருத்தர் தன்கிட்ட இருந்த அசல் பழைய மேகஸினைக் கொண்டுவந்து மாட்டினார். நல்ல வேளையா அதுவும் கொக்கியில உக்காந்துச்சு. அதுலயும் அதே மாதிரி மாட்டுது! அப்ப தப்பு மேகஸின்ல இல்லை.

அப்பத்தான் எனக்கு எங்க வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துச்சு.

நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது தாத்தா தீக்குச்சிகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் காட்டுவார். "ஏலே, இந்த மருந்துத் தலைதான் தோட்டாவோட குண்டி விளிம்புன்னு வச்சுக்க. மேல இருக்கிறவன் ஒரு எட்டு முன்னால நிக்கணும். கீழ இருக்கிறவன் பின்னால. மாத்தி வச்சேன்னு வையி, மேல உள்ளவன் கிளம்பும்போது கீழ உள்ளவனையும் இழுப்பான், ரெண்டு பேரும் போகமாட்டான்." எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. தீக்குச்சியை உரசினா அடி விழும்ங்கிறது மட்டும் புரிஞ்சுது.

.303 தோட்டாவுக்குப் பின்னாடி உடம்பைவிட அகலமா ஒரு விளிம்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். ஜெர்மன் மவுசர் தோட்டாவுக்கு அப்படிக் கிடையாது, எப்படிப் போட்டாலும் வழுக்கிட்டுப் போகும். பெரியவர் வாழ்க்கை முழுக்க மவுசர் ஆள். அந்தப் பழக்கத்துல இதையும் கையால ஒவ்வொண்ணா இஷ்டத்துக்குப் போட்டுட்டு இருந்திருக்கார். விளிம்பு விஷயம் அவர் கேள்விப்படாதது இல்லை. ஆனா அந்த மேகஸின் ஏற்கெனவே ரெண்டு தப்பு பண்ணின கேடி ஆச்சே, மூணாவதும் அதோட வேலையாத்தான் இருக்கும்னு எல்லாரும் முடிவு கட்டிட்டோம்.

ஒவ்வொரு தோட்டாவோட விளிம்பும் கீழ இருக்கிறதுக்கு முன்னாடி வர்ற மாதிரி போட்டுப் பார்த்தோம். பத்தும் தடையில்லாம போச்சு. மறுபடி பத்து. மறுபடி பத்து. ரெண்டு மேகஸின்லயும். பெரியவர் என் தோளைத் தட்டி, "யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னார். தீக்குச்சிக் கதையை என் ஓட்டை ஜெர்மன்ல சொன்னேன். ஒரு துண்டு கேக் அதிகமா கிடைச்சுது.

வீட்டுக்கு வந்ததும், நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு அங்கிள்கிட்ட பெருமையா சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகள்ல வந்தவர். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவர். போன்ல போட்டோவை நீட்டினேன். பார்த்தவர் போனைத் திருப்பி என் கையிலயே வச்சுட்டார்.

"தம்பி, எங்கட ஊர்ப் பொலிசிட்ட உதுதான் இருந்தது. உமக்கு அது மெஷின். எனக்கு உதின்ர சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது."

அவ்வளவுதான். தேத்தண்ணி போட எழும்பிப் போயிட்டார். நான் அப்படியே உக்காந்திருந்தேன்.

தாத்தா தீக்குச்சி அடுக்கினதுக்கு ஒரு மீதிக் கதையும் இருக்கு. அதை ரொம்ப நாள் கழிச்சு, படுக்கையில கிடக்கும்போது சொன்னார். ஏதோ ஒரு ஊர்ல கலவரம். அவசரத்துல தோட்டாவை எப்படியோ திணிச்சிருக்கார். சுடச் சொல்லி உத்தரவு வந்தப்ப அவர் துப்பாக்கி மட்டும் மாட்டிக்கிச்சு. யாருக்கும் தெரியாது. "அதுக்கப்புறம் ஒருநாளும் தப்பா அடுக்கினதில்லடே. ஆனா அன்னைக்கு அது மாட்டினது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு கேட்டா, எனக்கு இன்னைக்கும் சொல்லத் தெரியல."

அங்கிள் தேத்தண்ணியோட திரும்பி வந்தப்ப இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "உங்கட தாத்தாவைப் பார்க்க வேணும் போல கிடக்கு. இருக்கிறாரோ?"ன்னு கேட்டார். இல்லை அங்கிள், 2015-லயே போயிட்டார்னேன்.

2020 குடியரசு தினத்தோட உத்தரப்பிரதேச போலீஸ் இந்த ரைஃபிளுக்கு விடை கொடுத்தாங்க, 75 வருஷ சேவைக்கு அப்புறம். பேப்பர்ல படிச்சப்ப ஒரு பழைய வாத்தியார் ரிட்டையர் ஆன மாதிரி இருந்துச்சு. இப்ப அப்படி நினைக்க முடியல. எல்லாருக்கும் அது வாத்தியாரா இருந்ததில்லை.

அடுத்த மாசம் பெரியவர் போட்டிக்குப் போறார். வரச் சொல்லியிருக்கார். போவேன்னு நினைக்கிறேன், அங்கிள்கிட்ட சொல்லிட்டு. உங்க வீட்டுலயும் த்ரீ நாட் த்ரீ தூக்கின தாத்தாவோ, அதுக்கு எதிர்ப்பக்கம் நின்ன தாத்தாவோ இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க.

டிஸ்கி 1: இங்க இதெல்லாம் சட்டப்படி, லைசென்ஸ் வச்சிருக்கிற சங்கத்து ஆட்கள் செய்யறது. நான் சுடுதளத்துல அவங்க கண்காணிப்புல நின்ன விருந்தாளி. 2020-லேருந்து ஜெர்மனியில இந்த மாதிரி நீளத் துப்பாக்கிக்குப் பத்துக்கு மேல தோட்டா பிடிக்கிற மேகஸினுக்குத் தடை. இஷாபூர்காரி சரியா பத்தோட நின்னதால தப்பிச்சா. இந்தியாவுல .303 தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம், அதனால அங்க யாரும் அரத்தைத் தூக்காதீங்க சாமிகளா.

டிஸ்கி 2: போட்டோ எங்கன்னு கேட்பீங்க. போடலை. அங்கிளும் இந்தப் பதிவைப் படிப்பார்.