கடைசிப் பெட்டியில் ஒருவர்

மதுரை சிம்மக்கல்லுக்கு மேற்கே வைகைப் பாலத்தைக் கடந்து திண்டுக்கல் பக்கம் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியைக் கவனியுங்கள். பகலில் கடைசிப் பெட்டி என்பதைக் குறிக்கும் ‘எல்.வி.’ பலகை, இரவில் சிவப்பு விளக்கு. அந்த அடையாளத்தைக் கண்ட பிறகே, வண்டி முழுதாக வந்துவிட்டதென்று நிலைய ஊழியர்கள் உறுதி செய்கிறார்கள்.

சிறப்பு உத்தரவோ அவசரமோ இல்லாமல் பிரேக் வேன், அதாவது ரயிலின் கார்டு பயணிக்கும் பெட்டி, இணைக்காத ரயிலைப் பாதையில் விடக்கூடாது என்பது இந்திய ரயில்வேயின் 1976ஆம் ஆண்டுப் பொது விதி. வழக்கமான பயணிகள் ரயிலில் இருக்கை, சரக்கு அறை, கார்டு அறை மூன்றும் ஒரே பெட்டியில் அமைந்திருக்கும்.

கார்டு அறையில் கைப்பிரேக், காற்றழுத்த மானி, அவசர வால்வு இருக்கும். ஓடும்போது இணைப்பு அறுந்தால் குழாயிலிருந்து காற்று வெளியேறி, இரு பகுதிகளிலும் பிரேக் தானாகவே பிடிக்கும். நேரமானால் அந்தப் பிடி தளரும். சரிவில் நிற்கும் பெட்டிகளுக்குக் கைப்பிரேக்தான் காவல்.

விபத்தால் நடுவழியில் வண்டி நின்றால் கார்டு பின்னோக்கி நடக்க வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று எனத் தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடிகளைப் பொருத்துவார். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து, வரும் ஓட்டுநரை உஷார்ப்படுத்தும். கொளுத்தும் வெயிலிலும் நள்ளிரவிலும் தனியாளாகச் செய்யும் இந்த வேலை பெரும் மதிப்புக்குரியது.

2022 முதல் கார்டின் பதவிப் பெயர் ரயில் மேலாளர்.