மனையோரத்துக் கொட்டகை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களில், பழைய வீட்டைப் பிரித்து அதே மனையில் புதிது கட்டுகிறவர்கள், வாடகைக்கு இடம் பிடிக்கச் சக்தியில்லாமல், மனையோரத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, கைக்குழந்தைகளோடு மாதக்கணக்கில் வாசம் செய்வது சர்வ சாதாரணம். 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டமும், குடிசைவாசிகள் 360 சதுர அடி வீடு கட்டிக்கொள்ள 3.5 லட்சம் ரூபாயை வேலை ஏற ஏறத் தவணைகளாகவே வழங்குகிறது.

பெரியவர்கள் எப்படியும் சமாளிப்பார்கள்; என் கவலையெல்லாம் குழந்தைகளைப் பற்றியதே. கான்கிரீட்டை ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைத்துவர வேண்டுமாகையால், தொட்டியில் தண்ணீர் எப்போதும் நிற்கும். தவழும் குழந்தைக்கு முழங்காலளவு நீரும் பிராணாபத்து, மூடாமல் விட்டாலோ டெங்குக் கொசுவுக்கு அதுவே ஜன்மஸ்தலம். ஈரச் சிமெண்டு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். தகரத்தின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பினால் உஷ்ணம் வெகுவாகத் தணியும். அடுப்பை மட்டும் அவசியம் தள்ளிவைக்க வேண்டும்.

திருப்பணிக் காலத்தில் தெய்வத்தையே பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, நித்திய பூஜை தவறாமல் நடத்துகிற ஊர்க்காரர்கள், குழந்தையின் ஆகாரத்துக்கும் உறக்கத்துக்கும் அதே நியமத்தை அனுஷ்டிக்கிறார்கள். கோடையிலேயே கடைக்கால் தோண்டிவிட்டால், ஐப்பசி அடைமழை பிடிக்குமுன் தளம் போட்டு, பிள்ளைகளை உள்ளே குடியேற்றிவிடலாம்.