ரோட்டாவாக்

ரோட்டாவாக் என்பது குழந்தைகளுக்கு ரோட்டா தீநுண்மத்தால் ஏற்படும் கடுமையான வயிற்றுப்போக்கைத் தடுக்க இந்தியாவில் உருவாக்கப்பட்ட வாய்வழிச் சொட்டு மருந்து ஆகும். இதனை ஐதராபாத்தைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனம் தயாரிக்கிறது. இந்திய, அமெரிக்க அரசு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், அறக்கட்டளைகள், தனியார் நிறுவனம் ஆகியவை ஏறத்தாழ 30 ஆண்டுகள் இணைந்து செயற்பட்டதன் விளைவே இம்மருந்து. குழந்தைகள் நலத்துறையில் ஆய்வுக் கூட்டுறவும் நிதிப் பகிர்வும் எவ்வாறு அமையலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

ரோட்டா தீநுண்மம் 1973 ஆம் ஆண்டு ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ரூத் பிஷப் குழுவினரால் கண்டறியப்பட்டது. உலகில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் ஐந்து வயதிற்குள் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர். தூய குடிநீரும் கழிப்பிட வசதியும் உள்ள நாடுகளிலும் இது பரவுகிறது. ஆனால், நீரிழப்பிற்கு உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காத நாடுகளிலேயே இறப்புகள் மிகுதி. தடுப்பு மருந்து வருவதற்கு முன்னர் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமான ரோட்டாசீல்டு என்னும் முதல் தடுப்பு மருந்து, அரிதாகக் குடல் செருகலை (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நிலை) ஏற்படுத்தியதால் 1999 இல் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் வந்த ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் ஆகிய இரண்டும் பன்னாட்டு நிறுவனங்களின் தயாரிப்புகள். அவற்றின் விலை ஏழை நாடுகளின் பொதுத் தடுப்பூசித் திட்டங்களுக்கு எட்டாததாக இருந்தது.

116ஈ வகைத் தீநுண்மம்

1980களின் நடுப்பகுதியில், புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் மகராஜ் கிஷன் பான் குழுவினர், பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகளிடம் ரோட்டா தொற்று இருந்தும் வயிற்றுப்போக்கு இல்லாததைக் கவனித்தனர். இவ்வாறு தொற்று ஏற்பட்ட குழந்தைகள் பின்னர் கடும் நோயிலிருந்து காக்கப்பட்டதும் தெரியவந்தது. அவர்களிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தீநுண்ம வகைக்கு 116ஈ எனப் பெயரிடப்பட்டது. இது மனிதத் தீநுண்மமும் மாட்டுத் தீநுண்மமும் இயற்கையாகவே கலந்து உருவானது. ஆய்வகத்தில் வலுவிழக்கச் செய்யப்படாமல், இயல்பிலேயே நோய் தராத வகையாக இருப்பது இதன் சிறப்பு. பெங்களூரில் கண்டறியப்பட்ட மற்றொரு வகையும் ஆராயப்பட்டது. எனினும், நோயெதிர்ப்பைத் தூண்டுவதில் 116ஈ மேம்பட்டிருந்ததால் அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

கூட்டு முயற்சியும் நிதியும்

இவ்வாய்வு 1987 இல் தொடங்கப்பட்ட இந்திய–அமெரிக்கத் தடுப்பு மருந்துச் செயற்திட்டத்தின் கீழ் வளர்ந்தது. பங்களித்தோரும் பங்களிப்பும் வருமாறு:

* இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை – ஆய்வு நிதியும் ஒருங்கிணைப்பும்
* அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகங்கள், நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையங்கள், இசுட்டான்போர்டு பல்கலைக்கழகம் – தீநுண்மவியல் அறிவும் ஆய்வக உதவியும்
* பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை – பாத் அமைப்பின் வழியாக நிதி
* நோர்வே ஆய்வு மன்றம், ஐக்கிய இராச்சியத்தின் பன்னாட்டு வளர்ச்சித் துறை – மருத்துவச் சோதனைக்கு நிதி
* பாரத் பயோடெக் – உற்பத்தியும் தன் முதலீடும்

பொது நிதியும் கொடை நிதியும் கண்டுபிடிப்புச் செலவின் பெரும் இடரை ஏற்றுக்கொண்டதால், ஒரு வேளை மருந்தை ஏறத்தாழ 1 அமெரிக்க டாலர் விலைக்கு வழங்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. கூட்டுறவு இல்லாதிருந்தால் இவ்விலை இயன்றிருக்காது.

மருத்துவச் சோதனை

மூன்றாம் கட்டச் சோதனை 2011 இல் தில்லி, புனே, தமிழ்நாட்டின் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் தொடங்கியது. வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதனை நடத்தியது; ககன்தீப் காங் அங்கு முதன்மை ஆய்வாளர்களுள் ஒருவர். மொத்தம் 6,799 குழந்தைகள் பங்கேற்றனர். மூவரில் இருவருக்கு மருந்தும் ஒருவருக்கு மருந்துப்போலியும் தரப்பட்டன. 2013 மே மாதம் வெளியான முடிவுகளின்படி, முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 56% குறைந்தது.

செல்வந்த நாடுகளில் இத்தகைய மருந்துகள் 85 விழுக்காட்டிற்கும் மேல் பயன் தருகின்றன. ஏழை நாடுகளில் ஊட்டக்குறைவு, பிற குடல் தொற்றுகள், தாய்வழி நோயெதிர்ப்பொருள்கள் முதலியவற்றால் எல்லா ரோட்டா மருந்துகளின் பயனும் குறைகிறது. நோய்ச்சுமை மிகுந்த இடத்தில் பாதியளவு தடுப்பும் பல உயிர்களைக் காக்கும்.

பயன்பாடு

2014 இல் உரிமம் பெற்ற இம்மருந்து, 2015 மார்ச்சில் வெளியிடப்பட்டது. 2016 இல் ஆந்திரப் பிரதேசம், அரியானா, இமாச்சலப் பிரதேசம், ஒடிசா மாநிலங்களின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ரோட்டா தடுப்பு மருந்து தமிழ்நாட்டில் 2017 இலும், நாடு முழுவதும் 2019 இலும் விரிவாக்கப்பட்டது. 2018 சனவரியில் ரோட்டாவாக் உலக சுகாதார அமைப்பின் முன்தகுதிச் சான்றைப் பெற்றதால், ஐ.நா. அமைப்புகள் இதனைக் கொள்முதல் செய்ய வழி ஏற்பட்டது. குழந்தையின் 6, 10, 14 ஆவது வாரங்களில் ஐந்து சொட்டுகள் வீதம் மும்முறை தரப்படுகிறது.

விமர்சனங்கள்

வேறு ரோட்டா மருந்துகள் ஏற்கனவே இருந்த நிலையில், ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மருந்துப்போலி தந்தது சரியா என்னும் கேள்வி எழுந்தது. அம்மருந்துகள் அப்போது அரசுத் திட்டத்தில் இல்லை என்பது ஆய்வாளர்களின் விடை. குடல் செருகல் பற்றிய தரவுகளை ஒவ்வொரு சோதனை மையத்திற்கும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று சிலர் கோரினர். இது நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய அரிய விளைவை மைய வாரியாக ஒப்பிடும் அளவிற்குச் சோதனை பெரிதன்று என ஆய்வாளர்கள் வாதிட்டனர். பின்னர் 27 மருத்துவமனைகளில் நடந்த கண்காணிப்பு ஆய்வு, இம்மருந்தால் குடல் செருகல் இடர் கூடவில்லை என்று 2020 இல் அறிவித்தது. எனினும், பொது நிதியில் நடக்கும் ஆய்வின் தரவுகள் யாருக்கு உரியவை என்னும் வினா இம்மருந்தோடு மட்டும் முடிவதன்று.

இவற்றையும் பார்க்க

* வயிற்றுப்போக்கு
* வாய்வழி நீரேற்றக் கரைசல்
* போலியோ சொட்டு மருந்து