ஒரு நோயாளி, இரு புற்றுநோய்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை வசதிகள் பெருகியுள்ளன. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993 முதல் இயங்கி வருகிறது. டாட்டா அறக்கட்டளைகள், திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆகியவற்றின் ஒத்துழைப்பில் உருவான தனிப் புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் அங்குத் திறக்கப்பெற்றது. சித்தூர் மக்கள் நெடுங்காலமாக அண்டையிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியையும் நாடி வருகின்றனர். சிகிச்சை சிறக்கச் சிறக்க நோயிலிருந்து மீண்டு பல்லாண்டு வாழ்வோர் தொகை பெருகுகிறது. அவர்களுள் சிலருக்கு முந்தியதோடு தொடர்பற்ற மற்றொரு புற்றுநோய் தோன்றுவதுண்டு.

இதனை வரையறுக்க வாரன், கேட்ஸ் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் 1932-இல் மூன்று நிபந்தனைகளை வகுத்தனர். இரு கட்டிகளும் புற்றுநோய்த் தன்மையுடையனவாக இருத்தல் வேண்டும். அவை தனித்தனியானவையாக இருத்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றின் பரவல் அன்று என்பது தெளிவாதல் வேண்டும். ஆறு மாதத்திற்குள் இரண்டும் தோன்றின் உடன் நிகழ்வன என்றும், அதற்குப் பின் தோன்றின் பின் நிகழ்வன என்றும் பொதுவாகப் பகுப்பர்.

காரணங்கள் பல. புகையிலை வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய அனைத்தையும் ஒருசேரப் பாதிக்கிறது. சில மரபணுக் குறைகள் மார்பகம், சினைப்பை ஆகிய இரண்டிலும் நோய் தோன்றும் வாய்ப்பை மிகுவிக்கின்றன. உயிர் காக்கும் கதிர்வீச்சும் சில மருந்துகளுமே பல்லாண்டுகளுக்குப் பின் அரிதாக வேறொரு புற்றுநோய்க்கு வித்திடலாம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் நுரையீரலில் கட்டி காணப்படுவதாகக் கொள்வோம். அது பரவலெனின், நோயைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாலும் சிகிச்சையின் நோக்கமாகும். தொடக்க நிலையிலுள்ள புதிய நோயெனின், அறுவை மூலம் முற்றிலும் குணமாக வாய்ப்புண்டு. திசுவைச் சோதித்துப் பழைய திசுவோடு ஒப்பிட்டே இதனை முடிவு செய்ய இயலும். முதற் சிகிச்சை வேலூரிலும் அடுத்தது திருப்பதியிலும் நடைபெறுமாயின், பழைய அறிக்கைகள் மாநில எல்லை கடந்து நோயாளியுடன் வந்து சேர்தல் வேண்டும்.

புள்ளிவிவரத்திற்கும் இது பொருந்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவேடுகள் கணக்கிடுவது புற்றுநோய்களையே, ஆட்களை அன்று. புதிய நோயைப் பரவலெனக் குறித்தால் ஒன்று விடுபடும். பரவலைப் புதிய நோயெனக் குறித்தால் ஒன்று மிகும். பிழைபட்ட கணக்கின்மீது நிதி ஒதுக்கீடும் பிழைபடும்.

எனவே, குணமடைந்தோர் மருத்துவ ஆவணங்களைப் பேணுதலும், புகையிலையை அறவே விடுதலும், தவறாது மறுபரிசோதனைக்கு வருதலும் இன்றியமையாதன. குணமடைந்தவர் என்று கோப்பை மூடிவிடாமல், தொடர் கண்காணிப்பையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நிருவாகம் கருதுதல் வேண்டும்.