பிளாஸ்டிக் வாளிக்குப் போகுது பாட்டியின் பட்டுப்புடவை!
பழைய ஜரிகையில் வெள்ளி, தங்கம். விவரம் தெரியாமல் ஏமாறும் தாய்மார்கள்

சென்னை நகரில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரம் இன்னும் ஒழிந்துவிடவில்லை. நாலு பேண்ட், ரெண்டு சட்டை கொடுத்தால் ஒரு டப்பா. அதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பட்டுப்புடவை வெளியே வந்தால்தான் விவகாரம்!

மத்தியானம் ஆண்கள் வேலைக்குப் போன நேரம். "பழைய பட்டு, ஜரிகை வாங்கறதேய்!" என்று தெருவில் குரல். மடிப்பு மடிப்பாக விட்டுப்போன புடவையை எடுத்து வருகிறார் வீட்டு அம்மா.

"இன்னாம்மா இது, இத்துப்போன துணி! கரிக்கந்தைக்குக்கூட ஆவாது. உனக்காக ஒரு வாளி தரேன்."

அந்த அம்மாவும், "சும்மா கிடந்ததுக்கு வாளியாச்சும் வந்ததே" என்று கொடுத்துவிடுகிறார். இத்துப்போனது பட்டுதான். ஜரிகை இத்துப்போவதில்லை!

ஜரிகையில் என்ன இருக்கு?

அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரத்தில் ஜரிகை தயாரிக்க அரசு நிறுவனமே இருக்கிறது. அங்கே அசல் ஜரிகைக்குச் சொல்லப்படும் கணக்கு: 100 பங்கில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் அரை.

ஒரு புடவையில் 100 கிராம் அசல் ஜரிகை என்று வைத்துக்கொண்டால் வெள்ளி 40 கிராம், தங்கம் அரை கிராம். 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாய்க்கு மேல். தங்கம் கிராம் 9 ஆயிரத்துக்கு மேல். வெள்ளிக்கு 4 ஆயிரம், தங்கத்துக்கு 4,500. உருக்குக்கூலி, சேதாரம் கழித்தாலும் வாளி விலை எங்கே, இது எங்கே!

துணியை எரித்து, சாம்பலை உருக்கி வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். நல்ல நிலையில் உள்ள புடவை எரியாது. கை மாறி விலைக்குப் போகும். உடல் கிழிந்து கரை மட்டும் நன்றாக இருந்தால் பாவாடைக்கும் பைக்கும் ஆகும்.

சீமையில் நேர்மாறு

இங்கிலாந்தில் தர்மத்துக்கு வந்த பழைய துணியை விற்பதற்கென்றே கடைகள் உண்டு. ஆக்ஸ்போர்டு நகரில் 'ஆக்ஸ்பாம்' சங்கம் 1940-களின் கடைசியில் அப்படி ஒரு கடை திறந்தது. இன்று பல சங்கங்களுக்கு ஊருக்கு ஊர் கடைகள். வந்த துணியைத் தரம் பிரித்து விலை போடுகிறார்கள். அதையும் மீறி நல்ல சரக்கு சொற்ப விலைக்குச் சிக்கினால் அது வாங்குபவரின் அதிர்ஷ்டம், லாபம் தர்மத்துக்கு. இங்கே அதிர்ஷ்டமும் லாபமும் வாசலில் நிற்பவருக்கே!

அவரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. வெயிலில் தெருத்தெருவாக நடக்கிறார். கிடைத்த புடவை எல்லாமே அசலும் அல்ல. செம்புக் கம்பி ஜரிகை, பிளாஸ்டிக் ஜரிகை என்று மலிவுச் சரக்கும் வரும். ஆனால் எது எது என்று அவருக்குத் தெரியும், வீட்டம்மாவுக்குத் தெரியாது. அங்கேதான் ஏமாற்று!

எப்படிக் கண்டுபிடிப்பது?

கரை ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல். வெள்ளை நூலோ வேறு நிறமோ வந்தால் சந்தேகம். நெருப்பில் காட்டியதும் உருகிச் சுருண்டால் பிளாஸ்டிக்.

அசல் என்று தெரிந்தால் வாசலில் பேரம் வேண்டாம். ஜரிகை வாங்கும் கடைகள் ரெண்டு மூணில் எடை போட்டு விலை கேளுங்கள். தராசு முள்ளை நீங்களும் பாருங்கள். தனியாக இருக்கும்போது வியாபாரியை உள்ளே கூப்பிடாதீர்கள்.

கல்யாணப் புடவையை வாளிக்குப் போட்டுவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து போலீஸ் நிலையத்துக்கு ஓடியும் பயன் குறைவு. மனசார நீங்களே கொடுத்த பொருள் ஆச்சே!