பட்டையைக் கூட்டினால் பிரேக் குறையும்

ஏற்காட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். எஸ்டேட் பாதையில் அவருடைய பழைய பொலிரோவின் அடிப்பக்கம் பாறையில் தட்டுகிறதாம். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகி 2 அங்குலம் தூக்கப் போகிறார். வேலையைத் தானே செய்துகொள்வாராம். வேறென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டைக் கழற்றத் தெரிந்தவருக்கு, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வருவது பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸிஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன வால்வைப் பற்றி. மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. (லோட் சென்சிங் புரபோர்ஷனிங் வால்வு) என்பார்கள். டொயோட்டா ஹைலக்ஸ், பொலிரோ என்று சுமை ஏற்றும் வண்டிகள் பலவற்றில் இது உண்டு.

பிரேக்கை மிதித்ததும் எடை முன்னே சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன. அந்த நேரத்தில் அவற்றுக்கும் முழு அழுத்தம் போனால் உருளாமல் இழுபடும். வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். எனவே பின்னால் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். ஆனால் காபி மூட்டைகள் ஏற்றிய வண்டியில் பின் சக்கரம் தரையை நன்றாகவே பிடிக்கும். அங்கே பிரேக்கைக் குறைப்பது வீண்.

மூட்டை ஏறியது வால்வுக்கு எப்படித் தெரியும்? அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகிறது. சுமை ஏறினால் பாடி தாழும், கம்பி வால்வை அழுத்தும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். அது எடையையே பார்ப்பதில்லை. பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்கிறது. எனக்கு இதில் பிடித்த விஷயமே இந்தத் தந்திரம்தான்.

எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் மிதவைப் பந்தை, வெள்ளையடிக்க வந்தவர் தூக்கிக் கட்டிவிட்டுப் போனார். தொட்டி காய்ந்து கிடக்க, நிரம்பிவிட்டதாக நம்பி வால்வு மூடியே இருந்தது. பட்டை சேர்த்த வண்டியிலும் இதே கதை. இடைவெளி 2 அங்குலம் கூடியதும் வண்டி காலி என்று வால்வு முடிவு கட்டும். போதாததற்குக் கூடுதல் பட்டை வண்டியை விறைப்பாக்குவதால், மூட்டை ஏற்றினாலும் முன்போலத் தாழாது. பொய் இரட்டிப்பாகிறது.

பின் பிரேக் சோம்பினால் இறக்கத்தில் முழுப் பாரமும் முன் டிஸ்க்குகளின் தலையில். அவை கொதிக்கக் கொதிக்க ஆயிலும் சூடாகும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். குழாயில் ஆவிக்குமிழி சேர்ந்தால் பெடல் பொசுக்கென்று உள்ளே போகும்.

நம் பட்டறைகள் பலவற்றில் வால்வு ஒழுகினால் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேராக இணைத்துவிடுகிறார்கள். அப்போது காலி வண்டியிலும் பின் சக்கரங்களுக்கு முழு அழுத்தம் போகும். அலங்கார பம்பருக்குக் கொட்டும் பணத்தில் சிறு பகுதி போதும் புது வால்வுக்கு. அதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

பட்டையை நீங்களே மாட்டுங்கள். புது யூ போல்ட் போடுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். சக்கரங்கள் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடுகிறதா என்று பாருங்கள். கூடிய இடைவெளிக்கேற்ப வால்வுக் கம்பியின் நீளத்தைத் திருத்துவதை மட்டும், முன்னும் பின்னும் அழுத்தமானி மாட்டிச் சரிபார்க்கும் பட்டறையிடம் விடுங்கள். “கேஜெல்லாம் எதுக்கு சார், கண்ணாலேயே பாத்துடலாம்” என்று சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.